அக்கரை இன்ஜினியர்

வாரத்தில் ஐந்து நாள் அவர் பெங்களூர் பொம்மசந்திராவில் இருப்பார். சனிக்கிழமை காலை பத்து மணி ஆனால் உகாண்டாவுக்குப் போய்விடுவார். விமானமெல்லாம் ஏறுவதில்லை. எங்கள் அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸில் டேபிள் டென்னிஸ் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு புரொஜெக்டரை மாட்டினால் உகாண்டா வந்துவிடும். செம்மண் ரோடு, மஞ்சள் ஜெர்ரிகேன் தூக்கிய பிள்ளைகள், அவர்கள் தலைக்கு மேலே ஒரு பச்சை அம்புக்குறி, அதன் நுனியில் ‘இம்பேக்ட்’ என்ற எழுத்து. எதிரே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேரும் பொறியாளர்கள், அத்தனை பேருக்கும் ஒரே நீல டி-ஷர்ட். குழுவுக்குப் பெயரும் உண்டு. அதை இங்கே எழுதிப் பயனில்லை, இது அச்சாகி வருவதற்குள் மாற்றியிருப்பார்கள்.

நல்ல மனுஷர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் காசுக்கு ஆசைப்படமாட்டார். ராங் சைடில் வண்டி ஓட்டமாட்டார், ஹொசூர் ரோட்டில் இது சின்ன விஷயமில்லை. எங்கோ ஒரு குழந்தை கலங்கல் தண்ணீர் குடிக்கிறது என்று கேள்விப்பட்டால் உண்மையாகவே அவருக்குச் சோறு இறங்காது. குழந்தை குறைந்தபட்சம் ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ரகத்தை எலெக்ட்ரானிக் சிட்டி தொடங்கி அத்திபெலே வரைக்கும் எங்கேயும் பார்க்கலாம். 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை ஓட ஆரம்பித்ததிலிருந்து பி.டி.எம். லேஅவுட் பக்கத்து உறுப்பினர்களுக்கும் சாக்கு இல்லாமல் போய்விட்டது, சனிக்கிழமை டாணென்று வந்து இறங்குகிறார்கள். கடைசி நிலையத்தில் இறங்குகிற கூட்டத்தில் அவர்களைப் பிரித்தெடுப்பது சுலபம். ஷிஃப்டுக்குப் போகிறவர் கையில் சாப்பாட்டு டப்பா இருக்கும். நாராயணா ஹ்ருதயாலயாவுக்குப் போகிறவர் கக்கத்தில் எக்ஸ்ரே கவர் இருக்கும். எட்டுப் பாக்கெட் வைத்த பேண்டும், ஒன்பதாவதான சட்டைப் பாக்கெட்டில் ஒரு டிடிஎஸ் மீட்டரும் இருந்தால் அவர் நம்மவர்.

டிடிஎஸ் மீட்டர் பேனா அளவுதான் இருக்கும். தண்ணீருக்குள் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்புகளைக் குத்துமதிப்பாகக் கணக்கிட்டுச் சொல்லும். கிருமி இருந்தால் அதற்குத் தெரியாது. ஆர்சனிக்கையும் புளோரைடையும் தனியே பிரித்துச் சொல்லவும் தெரியாது. ஆனால் எண் காட்டும். எண் காட்டுகிற எதன் மேலும் நம்மவருக்கு அபார நம்பிக்கை. ஹெப்பகோடியில் ஒருமுறை இளநீர் வாங்கினார். குடிப்பதற்கு முன் வழக்கம்போல் மீட்டரை உள்ளே விட்டார். எண் மூவாயிரத்தைத் தாண்டியது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு கதியில்லை என்றால் 2,000 வரை போகலாம். “இது மனுஷன் குடிக்க லாயக்கில்லாத தண்ணி” என்று கடைக்காரரிடம் அறிவித்தார். அரிவாளைக் கீழே வைக்காமலே கடைக்காரர், “மொதல்ல காசக் குடுங்க சார், அப்புறம் பேசுவோம்” என்றார்.

ஒவ்வொரு கூட்டமும் பெர்னார்ட் அமடேயில் தொடங்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் பேராசிரியராக இருந்தவர். 2000-இல் மத்திய அமெரிக்காவில் பெலிஸ் நாட்டின் சான் பாப்லோ என்ற கிராமத்துக்குப் போனார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமப்பதைப் பார்த்தார். மறு ஆண்டு மாணவர்களோடு திரும்பிப் போய், பக்கத்து அருவியின் வேகத்தைக் கொண்டே நீரை ஊருக்கு ஏற்றிக் கொடுத்தார். மொத்தச் செலவு 14,000 டாலர். 2002-இல் ‘எல்லைகளற்ற பொறியாளர்கள்’ அமைப்பு அமெரிக்காவில் பிறந்தது அப்படித்தான். இந்த இடம் வரும்போதெல்லாம் நம்மவருக்குக் குரல் தழுதழுக்கும், கதாகாலட்சேபத்தில் குசேலர் அவல் முடிச்சை அவிழ்க்கிற கட்டம் மாதிரி. பெலிஸ்காரர் ஒருவர் வாங்க என்று கூப்பிட்டதால்தான் அமடே அங்கே போனார் என்ற விவரம் மட்டும் ஸ்லைடில் இல்லை. நம்மவரை இதுவரை எந்த ஊரும் கூப்பிடவில்லை.

அதற்காகத் தயாராகாமல் இருக்க முடியுமா? மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டாயிற்று. முன்பெல்லாம் அந்தச் சான்றிதழுக்குப் பத்து வருடக் கெடு இருந்தது, 2016-இலிருந்து ஆயுள் முழுக்கச் செல்லும். திட்டத்தின் மொத்தக் காகிதங்களில் காலாவதியாகாதது அது ஒன்றுதான். ஸ்வாஹிலியும் கற்றுக்கொண்டிருக்கிறார். செல்போனில் தினமும் கால் மணி நேரம், ஒரு நாள் தவறினாலும் ஒரு பச்சை ஆந்தை கோபித்துக்கொள்கிறதாம். அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கும் ஊரில் ஜனங்கள் பேசுவது லுகாண்டா என்று பிறகுதான் தெரிந்தது. பொம்மசந்திராவுக்குக் குடிவந்து இத்தனை வருடத்தில் கற்ற கன்னடம் “டேங்கர் பந்தா?” என்பதோடு நிற்கிறது. “பந்தில்லா” என்ற ஒரே பதில்தான் கிடைத்துவந்தது என்பதால் மேற்கொண்டு இலக்கணம் தேவைப்படவில்லை.

டேங்கர் எங்கள் ஊரின் நித்திய விசாரம். பெங்களூருக்குக் காவிரி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேறி வருகிறது. எங்கள் அபார்ட்மெண்டுக்கு வருவது லாரியும் போர்வெல்லும்தான். 2024 மார்ச்சில் நகரத்தின் ஏறத்தாழ 14,000 அரசு போர்வெல்களில் பாதி வற்றிவிட்டதாக அரசாங்கமே சொன்னது. துணை முதல்வர் டி.கே. சிவகுமார் தம் வீட்டு போர்வெல்லும் வற்றிவிட்டது என்றார், ஜனங்களுக்கு அதில் ஒரு ஆறுதல். 12,000 லிட்டர் லாரிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று விலையும் கட்டினார்கள். விலைப்பட்டியல் உடனே வந்துவிட்டது, லாரிதான் வரவில்லை. அந்த மாதத்து அசோசியேஷன் கூட்டத்தில் எல்லோரும் நம்மவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வளாகத்தில் தண்ணீர் என்று டி-ஷர்ட்டில் எழுதியிருப்பவர் அவர் ஒருவர்தானே. அவரும் எழுந்து, முதலில் முறையாக ஒரு நீட்ஸ் அசெஸ்மெண்ட் செய்யலாம் என்றார். ஐந்தாவது மாடிப் பாட்டி, “நீட்டெல்லாம் பசங்க எழுதட்டும்ப்பா. எனக்கு பாத்ரூம்ல தண்ணி வரணும்” என்றார்.

உகாண்டா திட்டத்துக்குப் பணம் கேட்டு அவர் முதலில் தட்டியது தம் கம்பெனியின் கதவை. 2013-ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நாற்பது ஸ்லைடு போட்டு அனுப்பினார். ஒரு வரியில் பதில் வந்தது: இந்தியாவுக்கு வெளியே செய்கிற வேலை இந்தக் கணக்கில் சேராது. 2021-இல் திருத்திய விதியில் இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, நாட்டுக்காக ஆடுகிற விளையாட்டு வீரர்களின் பயிற்சி. அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் கிளப் ஹவுஸில் கால்பந்து பற்றித் தீவிர ஆலோசனை நடந்தது. பதில் எழுதிய அதிகாரி தங்கமானவர் போலிருக்கிறது, ‘உங்கள் பக்கத்தில் ஏரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், நிதி இருக்கிறது’ என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்.

ஏரிக்கா பஞ்சம்? ஹெப்பகோடி ஏரியை பயோகான் அறக்கட்டளை எடுத்துச் சீராக்கி, செடி நட்ட மிதவைகளை மிதக்கவிட்டது. நெடுஞ்சாலையில் இந்தப் பக்கம் சந்தாபுரா ஏரி. அந்த ஏரி கெட்டுப்போனதற்காக தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் கர்நாடக அரசுக்கு விதித்த தொகை 500 கோடி ரூபாய். மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். குழு விவாதித்தது. ‘ஏரி நம்ம வெர்டிகல் இல்லை’ என்று ஏகமனதாக முடிவாயிற்று.

மாமனார் இன்னும் நேராகக் கேட்டார். அவர் ஒசூர்க்காரர். பெங்களூரின் சாக்கடையையும் சோப்பு நீரையும் சுமந்துகொண்டு தென்பெண்ணை எல்லை தாண்டி வரும்போது, மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் தரைப்பாலம் மறைகிற அளவுக்கு நுரை எழும்பும். தீபாவளிக்குப் போன மருமகனை அங்கே அழைத்துக்கொண்டு போய் நிறுத்தினார்.

“மாப்ளே, இது உங்க ஊரு துணி தொவைச்ச தண்ணி. இதுக்கு எதாச்சும் பண்ணக் கூடாதா?”

“இல்ல மாமா, நாங்க இன்டர்நேஷனல் பிராஜெக்ட் மட்டுந்தான் எடுக்கறோம்.”

“கர்நாடகத்துலேர்ந்து தமிழ்நாட்டுக்கு வருதே, அது பத்தாதா?”

மாப்பிள்ளை நுரையைப் படம் எடுத்துக்கொண்டார். நல்ல படம். இப்போது அது பதினோராவது ஸ்லைடில் ‘குளோபல் வாட்டர் கிரைசிஸ்’ என்ற தலைப்பில் இருக்கிறது, எந்த ஊர் என்று போடவில்லை.

அவருடைய வாழ்நாள் கண்டுபிடிப்புக்கு வருகிறேன். சீசா பம்பு. பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் பலகைதான். இரண்டு முனைக்கும் அடியில் ஆளுக்கொரு பிவிசி உருளை, உள்ளே பிஸ்டன், வாயில் ஒருவழி வால்வு. பிள்ளைகள் ஆட ஆட, தண்ணீர் ஏறும். ஆடுகிற பிள்ளைக்குச் சந்தோஷம், ஊருக்குத் தண்ணீர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேஸ்மெண்டில் சம்ப்புக்குப் பக்கத்தில் வெள்ளோட்டம் வைத்தார். வளாகத்துப் பொடிசுகள் எல்லாம் வரிசையில் நின்றன. முதல் ஐந்து நிமிஷம் கூச்சலும் கும்மாளமுமாகத் தண்ணீர் விட்டு விட்டுக் கொட்டியது. பிறகு ஒரு பையனுக்குப் பசித்தது, இன்னொருத்திக்கு டான்ஸ் கிளாஸ். பத்து நிமிஷத்தில் பலகை காலி. வேறு வழியில்லாமல் நீல டி-ஷர்ட்டுகளே ஏறி உட்கார்ந்தன. ஒரு முனையில் வால்வு டிசைனர், தொண்ணூறு கிலோ. மறு முனையில் மென்பொருள் தம்பி, ஐம்பத்தைந்து. தம்பி மேலேயே நின்றுவிட்டான். இறக்குவதற்கு ஸ்டூல் தேடினார்கள்.

இதையெல்லாம் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பென்னாகரம் பக்கத்து ஆள், அறுபது வயது இருக்கும். பலகையின் நடுவில் ஏறி நின்றார். கையில் எதையும் பிடிக்கவில்லை. இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் நாலு எட்டு, நடந்தார். தண்ணீர் சீராகக் கொட்டத் தொடங்கியது.

“இது ஏத்தம் சார். எங்க தாத்தா கெணத்து மேல இப்படித்தான் நடப்பாரு. மேல ஒருத்தரு நடப்பாரு, கீழ ஒருத்தரு சால் புடிப்பாரு. பாட்டுப் படிச்சுக்கிட்டே எத்தனை சால்னு எண்ணிருவாங்க.”

நம்மவர் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. ‘யூசர் இன்சைட்’ என்று குறித்துக்கொண்டார். அடுத்த வரியில், ‘பேடண்ட் போடுவதற்கு முன் இதை வேறு யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடவும்’.

வாட்ச்மேன் சிரித்தால் பல்லில் பழுப்புப் பட்டை தெரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், சின்ன வயதில் குடித்தவர்கள் பல்லில் அது எழுதிவிட்டுப் போய்விடும். அந்த இரண்டு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கலிலிருந்து காவிரி நீர் கொண்டுபோகும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. 1,928 கோடி ரூபாய் திட்டம், ஜப்பானியக் கடனுதவி. கடல் தாண்டி வருகிற தண்ணீர் உதவி எப்படி இருக்கும் என்று அனுபவித்தறிந்த ஒரே ஆள் எங்கள் வளாகத்தில் அவர்தான். அவரை யாரும் பேட்டி எடுக்கவில்லை. நான்தான் சும்மா கேட்டேன், ஜப்பான்காரங்க உங்க ஊருக்கு வந்தாங்களா என்று. “டி-சர்ட்டு போட்டுக்கிட்டு யாரும் வரல சார்” என்றார். “பைப்பு வந்துச்சு.”

குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். சாயல்குடிப் பக்கம், ஒரு குடத் தண்ணீருக்குத் தள்ளுவண்டியோடு நின்று வளர்ந்தவள். ஜிகணியில் ஒரு பம்பு கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறாள், அதாவது மற்றவர்கள் டிசைன் செய்ததை ரிப்பேர் செய்கிறாள். சீசா பம்பு பற்றிய பாராட்டுக் கூட்டத்தில் அவள்தான் பிளேபம்ப் கதையை எடுத்துவிட்டாள். தென்னாப்பிரிக்காவில் தோன்றிய ராட்டினப் பம்பு அது. பிள்ளைகள் சுற்றி விளையாடினால் தண்ணீர் தொட்டிக்கு ஏறும். 2006-இல் அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் மேடையேறி 1.64 கோடி டாலர் திட்டம் அறிவித்தார். ஒரு ராட்டினத்துக்குச் சுமார் 14,000 டாலர், அமடே ஒரு ஊருக்கே செலவழித்த அதே தொகை. 2009-இல் கார்டியன் நாளிதழ் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. சொன்ன அளவு தண்ணீர் வர வேண்டுமானால் பிள்ளைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று கணக்கு வந்தது. பல ஊர்களில் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அந்த இரும்புச் சக்கரத்தைப் பெண்கள் குனிந்து தள்ளினார்கள்.

“நம்மது சீசா. அது ராட்டினம். கான்செப்டே வேற” என்றார் நம்மவர்.

“சரிண்ணா. கெட்டுப்போனா யார் ரிப்பேர் பண்ணுவாங்க?”

நீண்ட மௌனத்துக்குப் பிறகு இந்த அருமையான கேள்விக்காக ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. உறுப்பினர்: அவள். கனடாவின் எல்லைகளற்ற பொறியாளர்கள் 2008 முதல் தங்கள் தோல்விகளை ஆண்டறிக்கையாகவே வெளியிட்டார்கள் என்று அவள் சொன்னது நம்மவருக்கு மிகவும் பிடித்துப்போய், தங்கள் தோல்வி அறிக்கைக்கும் அட்டைப்படம் தயார் செய்துவிட்டார். தோற்பதற்கு முதலில் எதையாவது செய்ய வேண்டும் என்பதில் வேலை நின்றுகொண்டிருக்கிறது.

துணைக்குழு சும்மா இருக்கவில்லை. யாரையோ பிடித்து, அந்த உகாண்டா ஊரின் தண்ணீர்க் கமிட்டியோடு வீடியோ கால் ஏற்பாடு செய்துவிட்டாள். இத்தனை நாளில் அந்த ஊர்க்காரர்களிடம் பேசலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். திரையில் மாமரத்தடி. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் மொழிபெயர்க்கிறார், பக்கத்தில் கமிட்டியின் பொருளாளர் அம்மாள், கையில் கணக்கு நோட்டு. பின்னால் தெரிந்த பம்பைப் பார்த்ததும் எனக்கே ஏதோ தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. நம்ம ஊர்த் தெருமுனை அடிபம்பு! இந்தியா மார்க் 2. சோலாப்பூரில் தோன்றிய ஒரு பம்பை வைத்துக்கொண்டு 1970-களில் யுனிசெஃப் துணையோடு உருவாக்கி, மெட்ராஸ் ரிச்சர்ட்ஸன் அண்ட் குருடாஸில் செய்து, கோயம்புத்தூர் பக்கத்துக் கிராமங்களில் அடி அடியென்று அடித்துப் பார்த்துத் தேர்வான சரக்கு. இந்தியா முழுக்கப் போய், ஆப்பிரிக்காவுக்கும் போய், உகாண்டாவில் ‘யு-2’ என்ற பெயரில் அரசின் தரப் பம்பாகவே ஆகிவிட்டது. கோயம்புத்தூர் இன்ஜினியரிங் கல்லூரியில் படித்த நம்மவருக்கு இது புதுச் செய்தி.

அவர் ஸ்லைடைத் தொடங்கினார். ஆறாவதில் அம்மாள் கையை உயர்த்தினார். சீசா வேண்டாம், பம்பு இருக்கிறது. வாஷர்தான் கிடைப்பதில்லை. மார்க் 2-இல் கீழே உருளைக்குள் இருக்கிற வாஷர் தேய்ந்தால், அதை மாற்ற மொத்தக் குழாயையும் மேலே இழுத்தாக வேண்டும், நாலைந்து ஆள் வேலை. இரும்புக் குழாய் வேறு துருப்பிடித்துத் தண்ணீர் செக்கச்செவேலென்று வருகிறது. வாஷரும் துருப்பிடிக்காத குழாயும் அனுப்ப முடியுமா? சாயல்குடிப் பெண் கடகடவென்று எழுதிக்கொண்டாள். நம்மவர் தம் நாற்பது ஸ்லைடையும் மேலும் கீழும் புரட்டினார். வாஷர் எதிலும் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழே ஹாரன் அடித்தது. டேங்கர்! நீல டி-ஷர்ட்டுகளில் பாதி சம்ப் மூடியைத் திறக்க ஓடியது. தாமதித்தால் லாரி பக்கத்து அபார்ட்மெண்டுக்குப் போய்விடும். என்ன சத்தம், யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று அம்மாள் பதறிக் கேட்டார்.

“ஒண்ணுமில்லை, தண்ணீர் வந்திருக்கிறது” என்றார் நம்மவர்.

“தண்ணீர் எதில் வரும்?”

“லாரியில்.”

“உங்கள் ஊரில் போர்வெல் கிடையாதா?”

“நாலு இருக்கிறது. மூன்று வற்றிவிட்டது. ஒன்றில் மோட்டார் ரிப்பேர்.”

“எத்தனை நாளாக?”

நம்மவர் வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் மேலே பார்த்தார். திரையில் மாமரத்தடி முழுக்கத் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு லுகாண்டாவில் பேசிக்கொண்டது. அம்மாள் நோட்டைப் புரட்டி ஏதோ கணக்குப் பார்த்தார். பிறகு ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார்: எங்கள் பம்பு மெக்கானிக் கெட்டிக்காரர், உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் ஒரு மாதம் அனுப்பிவைக்கிறோம், சாப்பாடும் டிக்கெட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா?

அன்றைய கூட்டக் குறிப்பு இரவே வாட்ஸ்அப்பில் வந்தது. ‘பயனாளிகளின் ஈடுபாடு ஊக்கமளிக்கிறது. மெக்கானிக்கின் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைச் சரிபார்க்கவும். பொறுப்பு: ரிப்பேர் துணைக்குழு.’